வெளியீட்டுச் சங்கிலியும் நம்பகமும்: திரிஷாங்க் கார்த்திக் குப்புசாமியின் மென்பொருள் பாதுகாப்புப் பணிகள்

ஆய்வுச்சுருக்கம்

மென்பொருளை எழுதுவோர்க்கும் பயன்படுத்துவோர்க்கும் இடையே தொகுத்தல், பொதியாக்கல், ஒப்பமிடல், வெளியிடல் எனப் பல படிநிலைகள் உள்ளன. இன்று இவை பெரும்பாலும் தானியங்கிக் கருவிகளால் நடைபெறுகின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்றில் ஊடுருவும் ஒருவர், மூலநிரலைத் தொடாமலேயே பயனரைச் சென்றடையும் படியைக் கெடுத்துவிட முடியும். இச்சிக்கலுக்குத் தீர்வு காண்பதில் திரிஷாங்க் கார்த்திக் குப்புசாமி என்னும் மென்பொருள் பொறியாளர் 2013 முதல் 2019 வரையிலான காலத்தில் ஆற்றிய பணிகளை இக்கட்டுரை விளக்குகிறது. அப்பணிகளின் அடிப்படைக் கருத்தினைத் தமிழ் மின்பதிப்புகளின் நம்பகத்தோடும் பொருத்திப் பார்க்கிறது.

திறவுச்சொற்கள்: மென்பொருள் வெளியீடு, மின்னொப்பம், களஞ்சியம், டஃப், இன்-டோட்டோ, மின்பதிப்பு, மதுரைத் திட்டம்

முன்னுரை

1901ஆம் ஆண்டு மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரைப் பற்றித் தமிழறிஞர்களிடையே பரவலாக வழங்கும் செய்தி ஒன்றுண்டு. ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் திருக்குறளில் எதுகை பொருந்தாத இடங்கள் பிழையானவை எனக் கருதி, அவற்றைத் தம் விருப்பப்படி திருத்தி அச்சிட்டார். அதனை அறிந்த தேவர் அப்பதிப்பின் படிகள் அனைத்தையும் விலைகொடுத்து வாங்கித் தீயிட்டார் என்பது அச்செய்தி. இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கெடுக்கப்பட்ட பாடம் பார்வைக்குக் கெட்டதாகத் தோன்றவில்லை. எதுகை இன்னும் செம்மையாகவே ஒலித்திருக்கும். இரண்டாவது, படிகள் எண்ணிக்கையில் குறைந்தவை, ஓரிடத்தில் கிடந்தவை. ஆகவே திரட்டி அழிக்க முடிந்தது.

மென்பொருளில் முதற்கூறு அப்படியே உள்ளது. இரண்டாவது கூறு இல்லை. கெடுக்கப்பட்ட மென்பொருட்படி ஒன்று வெளியானால், சில மணி நேரத்துக்குள் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் அது நிறுவப்பட்டுவிடும். மதுரையில் ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்தில் தமிழ்ச் சொற்பகுப்பாய்வு செய்யும் மாணவர் ‘ஓப்பன்-தமிழ்’ நிரல்தொகுப்பை ஒரே ஒரு கட்டளை வரியில் நிறுவிக்கொள்கிறார். அத்தொகுப்பு பைதான் மொழியின் பொதுக் களஞ்சியமான பைபிஐயிலிருந்து வருகிறது. வந்தது ஆசிரியர்கள் எழுதிய அதே நிரல்தானா என்று அம்மாணவர் சோதிப்பதில்லை. அவர் சார்பாகக் கருவிதான் சோதிக்க வேண்டும். அச்சோதனை எதனை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பதே குப்புசாமியின் ஆய்வுப்பொருள்.

தமிழ்ப் பெயர் தாங்கிய இப்பொறியாளர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் காப்போஸ் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்குழுவில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டவர். பின்னர் டேட்டாடாக் நிறுவனத்தில் பாதுகாப்புப் பொறியாளராகப் பணியாற்றியவர். ஆய்வேட்டில் முன்மொழிந்த கருத்தினைப் பின்னர்த் தாமே ஒரு நிறுவனத்தின் அன்றாட வெளியீட்டு முறையில் செயற்படுத்திக் காட்டும் வாய்ப்பு ஆய்வாளர் பலர்க்கும் அமைவதில்லை. அவ்வகையில் இவருடைய பணி தனித்துக் கருதத்தக்கது.

மின்னொப்பம் சொல்வதும் சொல்லாததும்

ஒரு கோப்பின் மீது இடப்படும் மின்னொப்பம் இரண்டு செய்திகளைத் தரும். கோப்பு இடையில் மாறவில்லை என்பது ஒன்று. குறிப்பிட்ட மறைதிறவுகோலை வைத்திருந்தவரே ஒப்பமிட்டார் என்பது மற்றொன்று. அத்திறவுகோலை வைத்திருந்தவர் உரியவர்தாமா, ஒப்பமிடும்போது அவர் கையில் இருந்த கோப்பு சரியானதா என்பன பற்றி மின்னொப்பம் ஏதும் கூறாது.

வெளியீட்டுத் தானியக்கம் இவ்விடைவெளியைப் பெரிதாக்கியது. முன்பு பொறியாளர் ஒருவர் தம் கணினியில் நிரலைத் தொகுத்து, கையால் ஒப்பமிட்டு வெளியிட்டார். இன்று ஒரு நாளில் பலமுறை வெளியீடு நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் மனிதர் காத்திருக்க இயலாது. எனவே ஒப்பமிடும் திறவுகோல் எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்கும் கணினியிலேயே வைக்கப்படுகிறது. பூட்டின் அருகிலேயே சாவியைத் தொங்கவிடுவது போன்ற நிலை இது. அக்கணினிக்குள் நுழைந்தவருக்குத் திறவுகோலும் கிடைத்துவிடும்; அவர் வெளியிடும் நச்சுநிரலும் முறையான ஒப்பத்துடனேயே வெளிவரும்.

இது கற்பனை அச்சம் அன்று. ரூபி மொழியின் களஞ்சியமான ரூபிஜெம்ஸ் 2013 ஜனவரியில் ஊடுருவப்பட்டது. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் நிகழ்வில், நிரலைத் தொகுக்கும் கட்டத்திலேயே நச்சுநிரல் சேர்க்கப்பட்டது. அந்நிறுவனத்தின் உண்மையான ஒப்பத்தோடு வந்த புதுப்பிப்பை வாடிக்கையாளர்கள் ஐயமின்றி நிறுவிக்கொண்டனர். ஒப்பம் பொய்யன்று, ஒப்பமிடப்பட்ட பொருளே பொய்.

டஃப்: பொறுப்பினைப் பகிர்தல்

திறவுகோல் ஒருநாள் களவுபோகும் என்று ஏற்றுக்கொண்டு, களவுபோன பின்னும் கேடு பரவாதவாறு அமைப்பை வகுப்பது எப்படி? 2010ஆம் ஆண்டு ஜஸ்டின் சாமுவேல், நிக் மாத்யூசன், ஜஸ்டின் காப்போஸ், ரோஜர் டிங்கிள்டைன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இவ்வினாவை எழுப்பியது. அதிலிருந்து உருவான சட்டகமே டஃப்.

இச்சட்டகத்தில் ஒரே திறவுகோல் எல்லாவற்றுக்கும் ஒப்பமிடுவதில்லை. பொறுப்புகள் நான்காகப் பிரிக்கப்படுகின்றன. மூலப்பொறுப்பு, பிற பொறுப்புகளுக்கு உரிய திறவுகோல்கள் எவை என அறிவிக்கிறது. இதன் திறவுகோல்கள் இணையத்தோடு இணையாமல், பலர் கையில் தனித்தனியே இருக்கும். அவருள் குறிப்பிட்ட எண்ணிக்கையினர் ஒப்பமிட்டால்தான் செல்லும். இலக்குப்பொறுப்பு, எந்தக் கோப்பு நம்பத்தக்கது என அறிவிக்கிறது. நிலைப்பதிவுப்பொறுப்பு, களஞ்சியத்தின் ஆவணங்கள் அனைத்தும் இக்கணத்தில் எந்தெந்தப் பதிப்பெண்ணில் உள்ளன எனப் பட்டியலிடுகிறது. காலமுத்திரைப்பொறுப்பு, அப்பட்டியல் இன்று புதியதுதான் என உறுதி கூறுகிறது. இது விரைவில் காலாவதியாகும்.

கடைசி இரண்டும் எதற்கு என்ற ஐயம் எழலாம். ஊடுருவாளர் புதிய நச்சுநிரலை எழுத வேண்டும் என்பதே இல்லை. ஓட்டை கண்டறியப்பட்ட பழைய பதிப்பினை, அதன் பழைய உண்மையான ஒப்பத்தோடு மீண்டும் அனுப்பினாலே போதும். இதனைப் பின்னிழுப்புத் தாக்குதல் எனலாம். புதுப்பிப்பு வந்திருப்பதையே பயனருக்குத் தெரியாமல் மறைப்பது மற்றொரு வகை. இரண்டிலும் ஒப்பம் சரியாகவே இருக்கும். காலம்தான் தவறாக இருக்கும். ஆதலால் எது உண்மை என்பதோடு எது அண்மை என்பதும் உறுதிசெய்யப்பட வேண்டியதாகிறது.

டஃப் சட்டகத்தைப் பைபிஐயில் நடைமுறைப்படுத்துவதற்கான முன்மொழிவு ‘பெப் 458’ என்னும் எண்ணில் 2013 செப்டம்பரில் முன்வைக்கப்பட்டது. அதன் ஆசிரியர் வரிசையில் முதலில் நிற்பது குப்புசாமியின் பெயர். அதன் தொடர்ச்சியான ‘பெப் 480’ 2014இல் வந்தது. முன்னது களஞ்சியத்திலிருந்து பயனர் வரையிலான வழியைக் காக்கிறது; பின்னது நிரலாசிரியரிடமிருந்து பயனர் வரையிலான முழு வழியையும் காக்க முயல்கிறது. முன்னது 2020 பிப்ரவரியில்தான் ஏற்பினைப் பெற்றது. பின்னது இறுதி ஏற்பை எட்டவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் ஆய்வினை நோக்கினால் இத்தாமதத்துக்கான காரணமும் ஓரளவு விளங்கும்.

டிப்ளமாட்: முன்னுரிமையும் முடிவிடமும்

பைபிஐ போன்ற பொதுக் களஞ்சியத்தில் எவரும் எப்போதும் புதிய திட்டப்பணியைப் பதிவுசெய்யலாம். பதிவுசெய்த உடனேயே அது பிறர்க்குக் கிடைக்கவும் வேண்டும். எனில், அதற்கு ஒப்பமிடும் திறவுகோல் இணையத்தில்தான் இருந்தாக வேண்டும், இருந்தால் களவுபோகும். பாதுகாப்பு வேண்டுமெனில் திறவுகோலை இணையத்திலிருந்து விலக்க வேண்டும். விலக்கினால் புதிய பணிகள் நாள்கணக்கில் காத்திருக்கும். இவ்விரண்டில் ஒன்றையே தேர முடியும் என்றுதான் களஞ்சியப் பொறுப்பாளர்கள் எண்ணியிருந்தனர்.

குப்புசாமியும் சாண்டியாகோ டோரஸ்-ஆரியாஸ், விளாடிமிர் டயஸ், ஜஸ்டின் காப்போஸ் ஆகியோரும் 2016இல் வெளியிட்ட டிப்ளமாட் என்னும் ஆய்வு இம்முரணை அவிழ்த்தது. அதன் கருத்தினைப் பதிப்பியல் எடுத்துக்காட்டால் விளக்குவது இவ்விதழ் வாசகர்க்கு எளிதாக இருக்கும். பதிப்பாசிரியர் ஒருவரிடம் பல சுவடிகள் உள்ளன. அவற்றை அவர் நம்பகத்தின் வரிசையில் அடுக்குகிறார். ஒரு பாடல் முதற்சுவடியில் இருந்தால் அதன் பாடமே கொள்ளப்படும்; பிற சுவடிகள் வேறு பாடம் தந்தாலும் அவை பார்க்கப்படமாட்டா. இது முன்னுரிமை. மேலும், குறிப்பிட்ட ஒரு நூலுக்கு முதற்சுவடியே முழுமையான சான்று என்று அவர் முடிவுசெய்துவிட்டால், அதில் காணப்படாத பாடலைப் பிற்காலச் சுவடியில் தேடிச் சேர்க்கமாட்டார். தேடல் அங்கேயே முடியும். இது முடிவிடம்.

டிப்ளமாட் இவ்விரண்டு விதிகளையும் நம்பிக்கை ஒப்படைப்பில் புகுத்தியது. தம் சொந்தத் திறவுகோலால் ஒப்பமிடும் நிரலாசிரியர்களின் பணிகள் முதல் வகை. அரிதாகவே புதுப்பிக்கப்படும் பழைய பணிகள் அடுத்த வகை. இவ்விரு வகைக்கும் பொறுப்பான திறவுகோல்கள் இணையத்துக்கு வெளியே பூட்டி வைக்கப்படும். இன்றைக்குப் பதிவான புதிய பணிகள் கடைசி வகை. இவற்றுக்கு மட்டுமே இணையத்திலுள்ள திறவுகோல். ஊடுருவாளர் கையில் அகப்படுவது இந்தக் கடைசித் திறவுகோல்தான். அதைக்கொண்டு முதல் வகையிலுள்ள புகழ்பெற்ற பொதி ஒன்றின் பெயரில் அவர் ஒப்பமிட்டாலும், பயனரின் கருவி முதல் வகையிலேயே விடைபெற்று நின்றுவிடும். கடைசி வகையை எட்டிப் பார்க்காது. பொறுப்பாளர்கள் அவ்வப்போது புதிய பணிகளை முதல் வகைக்கு உயர்த்தி, பூட்டியுள்ள திறவுகோலால் ஒப்பமிட்டு வந்தால் இடர் மேலும் சுருங்கும்.

பைபிஐ களஞ்சியத்துக்கு இம்முறையை மிகு பாதுகாப்பு நிலையில் அமைத்தால், ஊடுருவாளர் ஒரு மாதம் முழுவதும் அகப்படாமல் களஞ்சியத்தை ஆண்டாலும் பயனர்களுள் 1 விழுக்காட்டுக்கும் குறைவானோரே இடருக்கு உள்ளாவர் என்பது அவ்வாய்வின் முடிவு. நிரல்வரிகளின் அளவில் நோக்கினால் இது சிறிய மாற்றமே. எனினும் குப்புசாமியின் பணிகளுள் கருத்தளவில் மிக உயர்ந்தது இதுவே என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

2017இல் வந்த மெர்க்குரி ஆய்வு வேறொரு நடைமுறைத் தடையை நீக்கியது. பின்னிழுப்புத் தாக்குதலைத் தடுக்கும் பதிப்பெண் பட்டியல்களே பெருத்து, ஒவ்வொரு பயனரும் மாதந்தோறும் சராசரிப் பொதியின் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு துணைத்தரவை இறக்க வேண்டியிருந்தது. மெர்க்குரி அப்பட்டியலைச் சுருக்கியும், மாறிய பகுதியை மட்டும் அனுப்பியும் சராசரிப் பொதியளவில் ஏறத்தாழ 3.5 விழுக்காடாகக் குறைத்தது. இணைய வேகமும் தரவுக் கட்டணமும் கணக்கிட்டுச் செலவிடப்படும் இடங்களுக்கு இது சிறிய செய்தியன்று. இதே காலத்தில் வாகனங்களுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வழங்கும் அப்டேன் சட்டகத்தின் உருவாக்கத்திலும் குப்புசாமி பங்கேற்றார். அச்சட்டகம் 2019இல் தரநிலையாக வெளியிடப்பட்டது.

இன்-டோட்டோவும் டேட்டாடாக் நடைமுறையும்

டஃப் களஞ்சியத்திலிருந்து பயனர் வரை காக்கிறது. களஞ்சியத்துக்குள் வருமுன்னரே கோப்பு கெட்டிருந்தால் அதற்கு ஏதும் தெரியாது. இக்குறையை நிறைப்பது இன்-டோட்டோ. இதனை முன்னின்று உருவாக்கியவர் சாண்டியாகோ டோரஸ்-ஆரியாஸ். 2019இல் வெளிவந்த அதன் ஆய்வுக்கட்டுரையில் குப்புசாமியும் ஓர் ஆசிரியர்.

இன்-டோட்டோவின் இயல்பு எளியது. வெளியீட்டின் படிநிலைகள் எவை, ஒவ்வொன்றையும் யார் செய்ய வேண்டும், ஒன்றின் விளைபொருள் அடுத்ததன் மூலப்பொருளாக எவ்வாறு செல்ல வேண்டும் என்பவற்றை உரியவர் முன்கூட்டியே எழுதி ஒப்பமிடுகிறார். இது வகுப்புத்திட்டம். பின்னர் ஒவ்வொரு படிநிலையும் நிகழும்போது, உள்ளே சென்ற கோப்புகளின் சுருக்கக்குறியும் வெளியே வந்த கோப்புகளின் சுருக்கக்குறியும் குறிக்கப்பட்டு, அப்படிநிலையைச் செய்தவரின் ஒப்பத்தோடு சான்றாகின்றன. இறுதியில் பயனரின் கருவி சான்றுகளை வகுப்புத்திட்டத்தோடு ஒப்பிடுகிறது. ஒரு கண்ணியிலிருந்து வெளிவந்த சுருக்கக்குறி அடுத்த கண்ணியில் நுழைந்த சுருக்கக்குறியோடு பொருந்தாவிடில், இடையில் ஏதோ செருகப்பட்டுள்ளது என்பது பொருள்.

டேட்டாடாக் நிறுவனத்தில் குப்புசாமி இவ்விரண்டையும் ஒரே வெளியீட்டு வரிசையில் இணைத்தார். அந்நிறுவனத்தின் கண்காணிப்பு முகவர் மென்பொருள் வாடிக்கையாளர்களின் கணினிகளில் இயங்குவது. தரவுத்தளம், இணையவழங்கி முதலான பிற மென்பொருள்களோடு அதனைப் பொருத்தும் இணைப்பிகள் பல உள்ளன. முகவரின் முழு வெளியீட்டுக்குக் காத்திராமல் இணைப்பிகளைத் தனியே, விரைவாக, தானியங்கி முறையில் வெளியிட வேண்டியிருந்தது. 2019 ஜூனில் அந்நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தின்படி, நிரலாளர் தாம் எழுதிய மூலநிரலுக்கு யூபிகீ என்னும் சிறு வன்கருவியால் ஒப்பமிடுகிறார். மறைதிறவுகோல் அக்கருவியைவிட்டு வெளியே வருவதில்லை. அதன்பின் தானியங்கி அமைப்பு அந்நிரலைப் பொதியாக்கி ஒப்பமிடுகிறது. வாடிக்கையாளரின் கணினி பொதியை இறக்கியவுடன், டஃப் வழியே அதன் நம்பகத்தைச் சோதித்து, இன்-டோட்டோ வழியே பொதியினைப் பிரித்து, உள்ளிருக்கும் மூலக்கோப்புகள் நிரலாளர் ஒப்பமிட்ட அதே கோப்புகள்தாமா என ஒப்பிடுகிறது.

தானியங்கி அமைப்பு முழுவதும் ஊடுருவாளர் வசப்பட்டாலும், அவர் செருகும் ஒரு வரி நிரலாளரின் ஒப்பத்தோடு பொருந்தாமல் அகப்பட்டுவிடும் என்பதே இவ்வமைப்பின் பயன். தானியக்கத்தை விடவும் இல்லை. அதனை நம்பவும் இல்லை. வேகத்துக்காக இயந்திரத்தை வைத்துக்கொண்டு, சான்றினை மனிதர் கையில் விட்டதுதான் இதன் நுட்பம்.

எல்லைகள்

இம்முறை எல்லாக் கேட்டுக்கும் மருந்தாகாது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் வெளிப்படுத்திய எக்ஸ்இசட் நிகழ்வு இதற்குச் சிறந்த சோதனைக்களம். கோப்புகளைச் சுருக்கும் அம்மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் மறைவாயில் ஒன்று பொதிக்கப்பட்டிருந்தது. அதனை முடுக்கும் வரிகள் பொதுவில் காணக்கிடைத்த மூலநிரற் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய தொகுப்பில் மட்டுமே இருந்தன. பதிப்பியல் மொழியில் கூறுவதாயின் இது தெளிவான இடைச்செருகல். மூலநிரலையும் வெளியீட்டுத் தொகுப்பையும் ஒப்பிடும் படிநிலை ஒன்று கட்டாயமாக இருந்திருந்தால், இச்செருகல் அன்றே தெரிந்திருக்கும்.

ஆனால் மறைவாயிலின் மற்றொரு பகுதி, சோதனைக்கான தரவுக்கோப்பு என்ற வேடத்தில் மூலக்களஞ்சியத்திலேயே இருந்தது. அதனைச் சேர்த்தவர் ஈராண்டுக்கு மேலாக உழைத்து நன்மதிப்புப் பெற்று, முறைப்படி பொறுப்பேற்ற பராமரிப்பாளர். அவருடைய ஒப்பம் செல்லத்தக்கதே. உரிமையுடையவரே கெடுக்க முனைந்தால் சங்கிலி ஆய்வு அவர் பெயரைக் காட்டும், கேட்டைத் தடுக்காது. அங்கே இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்ற விதியே துணை. இன்-டோட்டோவில் அவ்விதியை எழுத இடமுண்டு. ஆயின் தனியொருவர் ஊதியமின்றிப் பேணும் எண்ணற்ற மென்பொருள்களுக்கு இரண்டாமவர் எங்கிருந்து வருவார்?

பெப் 480 ஏற்பை எட்டாமைக்கும் இதனோடு ஒத்த காரணம் உண்டு. ஒவ்வொரு நிரலாசிரியரும் தம் திறவுகோலைப் பேணிக் காக்க வேண்டும் என அது எதிர்பார்த்தது. தன்னார்வலர்களுக்கு அது பெருஞ்சுமை. 2024 நவம்பரில் பைபிஐ அறிமுகப்படுத்திய மின்சான்று முறை இச்சுமையை வேறுவகையில் குறைக்கிறது: நீண்டகாலத் திறவுகோல் எதுவும் இல்லை, எந்தக் களஞ்சியத்தின் எந்தத் தானியங்கிப் பணி இப்பொதியை உருவாக்கியது என்ற சான்று சிக்ஸ்டோர் என்னும் பொது அமைப்பின் வழியே குறுகிய கால ஒப்பத்துடன் பதியப்படுகிறது. அச்சான்றின் வடிவம் இன்-டோட்டோவினுடையது. சிக்ஸ்டோர் தன் மூலத்திறவுகோல்களைப் பரப்புவது டஃப் வழியே.

தமிழ் மின்பதிப்புகளில் பொருத்திப் பார்த்தல்

மதுரையின் சங்க மரபினை நினைவூட்டும் பெயரோடு 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் வழிகாட்டலில் தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. அதன் மின்பதிப்புகளின் முகப்பில் உள்ளீடு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், இணையப்பக்கமாகவும் கையடக்கக் கோப்பாகவும் ஆக்கியவர் ஆகியோரின் பெயர்கள் குறிக்கப்படுகின்றன. முகப்பினை மாற்றாமல் வைத்திருக்கும்வரை கோப்பினை எவரும் பகிரலாம் என்ற குறிப்பும் உண்டு. படிநிலைகளையும் செய்தவரையும் பதியும் இப்பட்டியல், இன்-டோட்டோவின் சான்று செய்யும் பணியைச் சொல்லளவில் முன்பே செய்திருக்கிறது. சொல்லளவில் நிற்பதால், கோப்பு பல தளங்களுக்கும் கைகளுக்கும் மாறிய பின், முகப்பு அப்படியே இருக்க உள்ளே பாடம் மாறியிருந்தாலும் அதனைக் காட்டித்தர வழியில்லை.

ஆய்வேடுகளில் மேற்கோள் காட்டப்படும் மின்பதிப்புகளுக்குச் சுருக்கக்குறி கணித்து உடன் வெளியிடுவது செலவற்ற முதற்படி. நூல் ஒன்றின் சுருக்கக்குறியைச் சாதாரணக் கணினியே ஒரு நொடிக்குள் கணித்துவிடும். ஆனால் தமிழில் இதற்கு முன்னதாகத் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்றுள்ளது. மதுரைத் திட்டத்தின் நூல்கள் மயிலை எழுத்துரு, திஸ்கி, ஒருங்குறி என மூன்று குறியேற்றங்களைக் கண்டவை. மாற்றிகள் பல இருந்தன. அவை எல்லாம் ஒரே விளைவைத் தருவன அல்ல. ஒருங்குறியிலேயே ‘கொ’ என்னும் எழுத்தைக் ககரத்தோடு ஓர் உயிர்க்குறி சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகள் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே; சுருக்கக்குறி இரண்டுக்கும் வேறு. இவ்வகை வேறுபாட்டினை ஒருங்குறியின் இயல்பாக்க விதி ஒருமைப்படுத்திவிடும். ‘ஔ’ என்பதற்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டெழுதியிருந்தாலோ அவ்விதியும் உதவாது. அது மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணால் காண வேண்டிய பிழை. ஆகவே மெய்ப்பு, இயல்பாக்கம், சுருக்கக்குறி, ஒப்பம் என்ற வரிசை மாறாமல் நடைபெற வேண்டும். வரிசை பிறழ்ந்தால், ஓர் எழுத்தும் மாறாத நற்படியைக் கருவி கெட்டதென விலக்கும். பிழைபட்ட படி ஒப்பத்தோடு நிலைபெறும்.